சாம்பல் நிறச் சக்கரம்

அத்தியாயம் ஒன்பது

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் ஸ்கூட்டர் நின்றதும், பின்னால் உட்கார்ந்திருந்த அதீப் தன் வலது கையை மனைவி தபஸ்ஸுமின் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டான்.

பக்கத்து ஆட்டோவிலிருந்து ஒரு குழந்தை எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான். அதற்கே மறைக்கிறான்.

முன்பெல்லாம் அவன் ஓட்டுவான், அவள் பின்னால் உட்காருவாள். தோல் அழுத்தும் இயந்திரம் அவனுடைய மூன்று விரல்களை எடுத்துக்கொண்ட பிறகு சாவி அவள் கைக்கு வந்துவிட்டது. அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

"இன்னிக்கு அண்ணன் என்ன சொன்னாலும் சரின்னு சொல்லிடு, தபு" என்றான் அவள் காதருகே.

"என்ன சொல்லப் போறாரு?"

"தெரியல. ஆனா சரின்னு சொல்லிடு."

பச்சை விழுந்தது. அவள் வண்டியை எடுத்தாள்.

பல்லாவரத்தில் அதீப்பின் அண்ணன் பாட்சா நடத்தும், இவர்கள் இருவரும் வேலை பார்க்கும் கம்பெனிக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். தோல் பட்டறை இயந்திரங்களை ஓட்டும் ஒரு மென்பொருள்தான் அந்தக் கம்பெனியின் சரக்கு. 'ஜோடி' என்று பெயர். அதில் புரோகிராமை எழுத வேண்டியதில்லை. திரையில் சின்னச் சின்னக் கட்டங்களை வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு இழுத்தால் போதும். ஒரு கட்டம் இயந்திரத்தின் இரும்புத் தட்டைத் தூக்கும். ஒரு கட்டம் தட்டை அழுத்தும். ஒரு கட்டம் சூட்டைப் பார்க்கும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ஐகான் உண்டு. அதைப் புரோகிராம் செய்கிறவர் வரைந்துகொள்ளலாம். வரையாமல் விட்டால் ஜோடியே ஒரு படத்தைப் போட்டுவிடும்: சாம்பல் நிறத்தில் ஒரு பல்சக்கரம்.

வேலை அவசரத்தில் யார் உட்கார்ந்து படம் வரைவார்கள்? எல்லாக் கட்டத்திலும் அதே சாம்பல் சக்கரம்தான் இருக்கும். பெயரைப் பார்க்க வேண்டுமென்றால் மவுஸை அதன்மேல் கொண்டுபோய் ஒரு நொடி நிறுத்த வேண்டும்.

விபத்து நடந்த அன்று சோதனை ஓட்டம்; திரையில் எந்தக் கட்டத்தை அமுக்கினாலும் அந்த வேலை உடனே நடக்கும். தட்டு பாதியில் நின்றிருந்தது, உள்ளே தோல் மடிந்து சிக்கியிருந்தது. அதீப் வலது கையால் தோலை இழுத்துக்கொண்டே, 'தூக்கு' என்று நினைத்து இடது கையால் ஒரு கட்டத்தை அமுக்கினான். அவன் அமுக்கியது பக்கத்தில் இருந்த 'அழுத்து'. இரண்டிலும் சாம்பல் சக்கரம்.

இது நடப்பதற்கு முன்னாலேயே தபஸ்ஸும் பாட்சாவிடம் சொல்லியிருந்தாள். "எல்லாம் ஒரே மாதிரி இருக்கு, பெரிய மச்சான். யாருக்காவது அடிபடும்."

"படம் வரையறதுக்கா உனக்குச் சம்பளம் கொடுக்கறேன்?" என்று சிரித்தார் பாட்சா.

விபத்துச் செய்தி பட்டறைகளுக்குப் பரவி, ஜோடியை வாங்க யோசித்துக்கொண்டிருந்த ஆட்கள் பின்வாங்கியபோது அவரே கூப்பிட்டு, "அந்தப் படத்தை மாத்தித் தொலை" என்றார்.

அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துதான் அந்த வேலையைத் தொடங்கினாள். முதலில் அழகழகாகப் படங்கள் வரைந்தாள். தெர்மாமீட்டர், அம்பு, பூட்டு. பிறகு அத்தனையையும் அழித்தாள். நூறு படம் கொடுத்தாலும் அவசரக்காரன் ஒன்றையும் தேடி எடுக்கப் போவதில்லை. யாரும் எதுவும் செய்யாமல் விட்டால் என்ன வருகிறதோ, அதுதான் சரியாக இருக்க வேண்டும். அது புரிந்த பிறகு வேலை வேகமாக நடந்தது. புதிய ஐகான்களை அச்சடித்து வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, வாசல்வரை பின்னால் நடந்துபோய், அங்கிருந்து எது எது தெரிகிறது என்று பார்த்துப் பார்த்துத் திருத்தினாள்.

இன்று அதை வாங்கும் ஆளுக்குக் காட்ட வேண்டும்.

பாட்சா தன் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். வெள்ளை ஜிப்பா, வாசனை அத்தர், ஜும்மாவுக்குத் தயாராகவே வந்திருந்தார்.

"வா தபஸ்ஸும். அந்த பியூலா மேடம் கிளம்பிட்டாங்களாம். பெரிய செருப்புக் கம்பெனி. அவங்கதான் அங்கே சேஃப்டி எல்லாம். அவங்க சரின்னா முதலாளி வாங்கிடுவாரு. தொழுகைக்கு முன்னாடி முடிச்சிடணும்."

"எல்லாம் ரெடியா இருக்கு, பெரிய மச்சான்."

"படம் ரெடி. நீ ரெடியா? விபத்தைப் பத்திக் கேப்பாங்க. எப்படியோ காதுக்குப் போயிருக்கு."

"கேட்டா நடந்ததைச் சொல்லிடலாம். ரெண்டு கட்டமும் ஒரே மாதிரி இருந்துச்சு. அதனாலதானே மாத்தினோம்?"

பாட்சா டீ டம்ளரைக் கீழே வைத்தார். குரல் உயரவில்லை.

"இல்லம்மா. அழகா இருக்கட்டும்னு மாத்தினோம். பழசுல ஒரு குறையும் கிடையாது. ஊர் முழுக்க இன்னும் பழசுதான் ஓடிக்கிட்டிருக்கு, ஞாபகம் வச்சுக்க. இவன் அவசரப்பட்டான். கவனமில்லாம கையை விட்டான். அதைச் சொல்லப் போறது நீ."

"நானா?"

"நான் சொன்னா முதலாளி தப்பிக்கப் பாக்கறான்னு நினைப்பாங்க. பொண்டாட்டி வாயால வந்தா நம்புவாங்க."

அதீப் கதவோரம் நின்றிருந்தான். அவனுக்கு முன்னால்தான் இதையெல்லாம் பேசினார். அங்கே நிற்பது ஆளல்ல, ஒரு நாற்காலி என்பதைப்போல.

"என்னால முடியாது" என்றாள் தபஸ்ஸும்.

பாட்சாவுக்குக் கோபம் வரவில்லை. தம்பியின் பக்கம் திரும்பினார். "உன் வீட்டுக்காரிக்கு இந்தக் கம்பெனி வேணாமாம்டா. உனக்கு?"

"வேணும்ணா" என்றான் அதீப்.

பியூலா வந்து சேர்ந்தபோது பதினொன்றரை தாண்டிவிட்டது. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நரைத்த குட்டை முடி, காலில் கேன்வாஸ் ஷூ. "உங்க வெள்ளிக்கிழமைச் சந்தையில கார் நகரவே இல்ல. இறங்கி நடந்தே வந்துட்டேன்" என்றபடி நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். பாட்சா நீட்டிய பாதாம் பாலைத் தொடவில்லை.

"நீங்க விளக்க வேணாம். நானே தொட்டுப் பாக்கறேன். சோம்பேறி இன்ஜினியர் எப்படிச் செய்வானோ அப்படி. படம் வரைய மாட்டேன். பேர் மட்டும் அடிப்பேன்."

'தட்டு மேலே' என்று ஒரு கட்டம் போட்டார். 'தட்டு கீழே' என்று இன்னொன்று.

இரண்டிலும் 'தட்டு' என்ற சொல் பொடி எழுத்தாகச் சுருங்கிக்கொண்டது. 'மேலே', 'கீழே' இரண்டும் கட்டம் நிறையப் பெரிதாக வந்தன.

"பேர்ல எந்த வார்த்தை பொதுவா இருக்கோ அதைச் சின்னதாக்கிடும், மேடம்" என்றாள் தபஸ்ஸும். "எது வேற வேறயா இருக்கோ அதைத்தான் பெருசாக் காட்டும்."

"சிவப்பு விளிம்பு?"

"மெஷினை அசைக்கிற கட்டம்னு அர்த்தம். சிவப்பு தெரியாதவங்களும் இருப்பாங்கன்னு மூலையை வெட்டியும் விட்டிருக்கேன். சும்மா அளந்து பாக்கற கட்டம்னா மூலை வளைஞ்சிருக்கும்."

பியூலா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எழுந்து சுவர்வரை பின்னால் போனார். அங்கிருந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"மேலே. கீழே. அது அளவு பாக்கறது." திரும்பி வந்து உட்கார்ந்தார். "பேரே வைக்கலைன்னா?"

பெயரில்லாமல் ஒரு கட்டம் போட்டார். அது குறுக்குக் கோடுகளுடன் வெற்றாக நின்றது. ஓட்டிப் பார்த்தார். ஓடவில்லை.

"பேரில்லாத கட்டம் மெஷினை அசைக்காது, மேடம்."

பியூலா முதல் முறையாகச் சிரித்தார். "இதை யோசிச்சது யாரு?"

"எல்லாருமாச் சேர்ந்துதான் மேடம்" என்று முந்திக்கொண்டார் பாட்சா. "இவ என் தம்பி சம்சாரம். கொஞ்சம் நல்லா வரைவா."

"பழசு எப்படி இருந்துச்சு?"

"கிட்டத்தட்ட இதே மாதிரிதான். இப்பக் கொஞ்சம் மெருகு ஏத்தியிருக்கோம்."

பியூலா நாற்காலியைத் திருப்பினார். "பாட்சா சார், இங்கே ஒருத்தருக்கு விரல் போச்சுன்னு கேள்விப்பட்டேன்."

"ஆமா மேடம். மறைக்கறதுக்கு என்ன இருக்கு? நம்ம வீட்டுப் பையன்தான்." பாட்சா தபஸ்ஸுமைப் பார்த்தார். "நீயே சொல்லும்மா. உன் புருஷன்தானே?"

சரின்னு சொல்லிடு என்று காலையில் அதீப் கெஞ்சியது தபஸ்ஸுமின் காதில் இருந்தது. அதையும் மீறித்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"அன்னிக்கு ஸ்கிரீன்ல பாத்தீங்கன்னா மேடம், எல்லாக் கட்டமும்..."

"என் தப்பு மேடம்."

கதவோரத்திலிருந்து அதீப் முன்னால் வந்தான். பாடம் ஒப்பிக்கிற பிள்ளைபோல வேகமாகச் சொன்னான். "நான்தான் அவசரப்பட்டேன். கவனமில்லாம கையை விட்டுட்டேன். சாஃப்ட்வேர்ல ஒரு குறையும் இல்ல. அண்ணன் எத்தனையோ தடவை எச்சரிக்கை பண்ணியிருக்காரு."

தபஸ்ஸும் அவனையே பார்த்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை.

"கையைக் காட்டுடா" என்றார் பாட்சா. "மேடம் பாக்கட்டும். கவனமில்லைன்னா என்ன ஆகும்னு அவங்க ஆளுங்ககிட்ட சொல்ல உதவும்."

அதீப் ஒரு கணம் அசையாமல் நின்றான். பிறகு வலது கையை எடுத்து மேஜைமேல், பாதாம் பால் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தான். தையல் போட்ட இடம் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

பியூலா அந்தக் கையைப் பார்க்கவில்லை. தபஸ்ஸுமின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையை எடுத்துக்கோங்க தம்பி" என்றார் மெதுவாக. பிறகு பாட்சாவிடம், "திங்கக்கிழமை சொல்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். படி இறங்குவதற்கு முன், ஏதாவது சந்தேகம் வந்தால் கேட்க வேண்டுமென்று தபஸ்ஸுமின் ஃபோன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டார்.

ராஜகீழ்ப்பாக்கம் வீட்டில் கீழ்த்தளம் பாட்சாவுக்கு. மாடி அதீப்புக்கு. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் எல்லோருக்கும் கீழே ஒன்றாகத்தான் சாப்பாடு. பாட்சாவின் மனைவி பஷீரா தரையில் பாய் விரித்து, நடுவில் சஹன் என்ற பெரிய தட்டில் பிரியாணியைக் கொட்டி வைப்பாள். சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அதிலிருந்தே எடுத்துச் சாப்பிடுவார்கள்.

இன்று சஹனுக்குச் சற்றுத் தள்ளி ஒரு சில்வர் தட்டும் ஸ்பூனும் இருந்தன.

அதீப் வழக்கமான இடத்தில் உட்காரப் போனான்.

"தம்பி, உங்களுக்குத் தனியா வச்சிருக்கேன்" என்றாள் பஷீரா. "சஹன்ல எல்லாரும் கை போடறாங்க. நீங்க இப்ப இடது கையாலதானே... பிள்ளைங்க பாக்குதுங்க. நாளைக்கு அதுங்களும் இடது கையால சாப்பிட ஆரம்பிச்சா என்ன பண்றது? தப்பா எடுத்துக்காதீங்க."

"பரவாயில்ல அண்ணி" என்று அவன் தட்டின் முன்னால் உட்கார்ந்தான்.

தபஸ்ஸும் சஹனை விட்டு எழுந்து, அவனுக்குப் பக்கத்தில் போய் அதே தட்டில் கை வைத்தாள். பஷீராவின் உதடு கோணியது. "ரோஷத்துக்குக் குறைச்சல் இல்ல" என்று கணவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

பாட்சா நன்றாகச் சாப்பிட்டார். இன்னொரு துண்டு கறி கேட்டு வாங்கிக்கொண்டார். கையைக் கழுவிவிட்டு வந்து, துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தபடி சொன்னார்:

"திங்கக்கிழமையிலேர்ந்து நீ வர வேணாம்டா."

அதீப்புக்குப் புரியவில்லை. "எங்கேண்ணா?"

"கம்பெனிக்கு."

"ஏன்ணா?"

"நீயே சொன்னியேடா, வெளியாள் முன்னாடி. அவசரக்காரன், கவனமில்லாதவன்னு. அப்படிப்பட்டவனை இன்னும் ஏன் மெஷின் பக்கத்துல வச்சிருக்கேன்னு அந்தம்மா கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

அதீப்பின் கையிலிருந்த ஸ்பூன் தட்டில் விழுந்தது. "உங்களுக்காகத்தானேண்ணா சொன்னேன்!"

"எனக்காகவா?" பாட்சா உண்மையிலேயே ஆச்சரியப்பட்டவர்போலப் பார்த்தார். "உன்னைச் சொல்லச் சொன்னேனா? அவளைத்தானே சொல்லச் சொன்னேன்."

பிள்ளைகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டன.

"தபஸ்ஸும் வரட்டும்" என்றார் பாட்சா. "அவ மூளை நல்லா வேலை செய்யுது. நீ வீட்டைப் பாத்துக்க. கடைக்குப் போறது, பால் வாங்கறது. அதுக்கு இருக்கற விரல் போதும்."

"நானும் வர மாட்டேன்" என்றாள் தபஸ்ஸும்.

"வருவே." அவர் துண்டை மடித்து வைத்தார். "பஷீராவோட தங்கச்சி வீடு தேடிக்கிட்டு இருக்கா. மாடி கிடைக்குமான்னு தினமும் கேக்கறா. நான்தான் என் தம்பி இருக்கான்னு சொல்லிக்கிட்டிருக்கேன்."

மாடிக்கு வந்ததும் அதீப் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டாள் தபஸ்ஸும். "நான் உண்மையைச் சொல்லிக்கிட்டிருந்தேன். உங்க மேல தப்பில்லைன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். என் வாயை அடைச்சு உங்க மேலயே ஏன் போட்டுக்கிட்டீங்க?"

"நீ சொல்லியிருந்தா அந்தம்மா வாங்காம போயிருப்பாங்க. அண்ணன் நம்மளைச் சும்மா விட்டிருப்பாரா?"

"இப்ப மட்டும் விட்டாரா?"

"அத்தா மௌத்தாகி அடக்கம் பண்ணினப்ப எனக்கு எட்டு வயசு தபு" என்றான். "அவருதான் என்னைத் தூக்கி வளர்த்தாரு. ஸ்கூல் ஃபீஸ், காலேஜ், நம்ம கல்யாணம், எல்லாம். என்னை அவரு அடிக்கட்டும், திட்டட்டும். கம்பெனிக்கு வராதேன்னு மட்டும் சொல்லக் கூடாது. அங்கே போகாம நான் என்ன பண்ணுவேன்?"

அவள் அவனுடைய கையைப் பிடிக்கப் போனாள். அவன் அதைத் தலையணைக்குக் கீழே இழுத்துக்கொண்டான்.

சாயங்கால அஸர் தொழுகைக்கான பாங்கு முடிந்து, வெயில் ஜன்னலை விட்டு இறங்கிய நேரத்தில் ஃபோன் அடித்தது. புதிய நம்பர்.

"தபஸ்ஸுமா? பியூலா பேசறேன். பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"என் வீட்டுக்காரர் மட்டும்தான் மேடம்."

"இருக்கட்டும். காலையில நீங்க ஏதோ சொல்ல வாயெடுத்தீங்க. அவர் குறுக்கே வந்துட்டாரு. அதைக் கேக்கத்தான் கூப்பிட்டேன்."

தபஸ்ஸும் கட்டிலில் இருந்த அதீப்பைப் பார்த்தாள்.

"உங்களைச் சங்கடப்படுத்தணும்னு கேக்கல" என்றார் பியூலா. "போன மாசம் வேற ஒரு பட்டறையிலேர்ந்து தோல் அழுத்தற ஒரு பழைய பிரஸ் வாங்கியிருக்கோம். அதுல உங்க பழைய ஜோடிதான் இருக்கு. திங்கக்கிழமை ஓட்ட ஆரம்பிக்கறாங்க. அதுல நிக்கப் போறதெல்லாம் இருபது, இருபத்திரண்டு வயசுப் பொண்ணுங்க. உங்க பாட்சா சார் ஒரு குறையும் இல்லைங்கறாரு. உங்க வீட்டுக்காரரும் அதையே சொன்னாரு. நீங்க சொல்லுங்க. ஓட்டலாமா?"

ஃபோனின் சத்தம் அந்தச் சின்ன அறையில் தெளிவாகவே கேட்டது. அதீப் திரும்பி உட்கார்ந்திருந்தான். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். மறுபடி மறுபடி ஆட்டினான்.

அவள் அவனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஓட்டாதீங்க மேடம்."

"ஏன்?"

"தூக்கற கட்டம், அழுத்தற கட்டம், ரெண்டுக்கும் ஒரே படம்தான் இருக்கும். சாம்பல் கலர்ல ஒரு சக்கரம். அருகருகே இருந்தா யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. அவரு தூக்கறதுன்னு நினைச்சு அழுத்தறதைத் தொட்டுட்டாரு. அதான் நடந்தது. இப்படி ஆகும்னு நான் முன்னாடியே பாட்சா சார்கிட்ட சொன்னேன். அவரு மாத்த விடல."



அதீப் எழுந்தான். அவள்மேல் பாய்வானோ என்று ஒரு கணம் நினைத்தாள். அவன் அவளைத் தாண்டிப் போய்ச் செருப்பைத் தேடினான்.

அவள் ஃபோனைக் கையால் மூடிக்கொண்டாள். "எங்கே போறீங்க?"

"அண்ணன்கிட்ட."

"எதுக்கு?"

"அந்தம்மா சொல்லி அவருக்குத் தெரியக் கூடாது. நான் போய்ச் சொல்லித் தெரியணும்." அவன் கண்கள் கலங்கியிருந்தன. ஆனால் குரலில் ஒரு நம்பிக்கை வந்திருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "நான் அவரு பக்கம்தான்னு அப்பவாவது நம்புவாரு. திரும்பச் சேர்த்துக்குவாரு, தபு."

"என்னைக் காட்டிக் கொடுத்தா?"

அவன் அதைக் காதில் வாங்காதவன்போலக் கதவைத் திறந்துகொண்டு போனான்.

படியில் அவன் வேகமாக இறங்குவது கேட்டது. கீழ்வீட்டுக் கதவைத் தட்டுவது கேட்டது.

"யாரு?" என்றது பஷீராவின் குரல்.

"நான்தான் அண்ணி. அண்ணனைக் கூப்பிடுங்க. அவசரம்."

கதவு திறந்து மூடியது.

"தபஸ்ஸும்? லைன்ல இருக்கீங்களா?" பியூலா கேட்டுக்கொண்டிருந்தார். "இதை எங்க முதலாளிகிட்ட நான் சொல்லணும். நாளைக்கு அவரு கூப்பிட்டு விசாரிப்பாரு. உங்க வீட்டுக்காரர் வந்து சொல்வாரா?"

"அவரு சொல்ல மாட்டாரு மேடம்."

"நீங்க?"

கீழே பாட்சாவின் குரல் உயர்ந்தது. அவள் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் கத்தி அவள் கேட்டதேயில்லை. பிறகு கதவு சுவரில் மோதித் திறந்தது. இரண்டு பேர் படியேறி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வருகிற காலடி கனமாக இருந்தது. பின்னால் வருவது அதீப்புடையது.

தபஸ்ஸும் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டாள்.

"நான் வந்து சொல்றேன் மேடம்" என்றாள். "எங்கே வரணும்னு சொல்லுங்க."